போன் எந்தப் பாக்கெட்டில் இருக்கு?

ரிப்பேர் என்று என் கடைக்கு வருகிற ப்ளூடூத் ஹெட்செட்டுகளில் பெரும்பாலானவற்றில் ரிப்பேரே கிடையாது. இதை வெளியே சொன்னால் பொழைப்பு கெட்டுவிடும் என்று பக்கத்துக் கடைக்காரர் திட்டுகிறார். கெட்டால் கெடட்டும். நல்லா இருக்கிற சாமானைப் பிரித்துப்போட்டுக் காசு வாங்க மனசு வரவில்லை. அதோடு, இயர்பட்ஸைப் பிரித்தால் மறுபடி ஒழுங்காக மூடவும் முடியாது. எல்லாம் பசை வைத்து ஒட்டியது.

கோவில்பட்டியில் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் ஒற்றை ஷட்டர் கடை என்னுடையது. முன்னால் டெம்பர் கிளாஸ், சார்ஜர், பேக் கவர், நெக் பேண்ட், இயர்பட்ஸ். பின்னால் ஒரு மேஜையில் ஹாட் ஏர் மெஷின், சால்டரிங் அயர்ன், பெரிய லென்ஸ். ஒரு காலத்தில் டிஸ்ப்ளே மாற்றுவதுதான் முக்கால்வாசி வேலை. இப்போது, "அண்ணாச்சி, இது ஒரு காது செத்துப்போச்சு" என்பதில்தான் நாள் ஆரம்பிக்கிறது.

ஒரு காது கேட்கவில்லை என்றால் நான் முதலில் கையில் எடுப்பது ஸ்க்ரூ டிரைவரை அல்ல, பழைய டூத் பிரஷ்ஷை. பட்ஸின் அடியில் பித்தளை நிறத்தில் குட்டியாக இரண்டு மூன்று புள்ளிகள் இருக்கும். கேஸில் இருக்கிற ஊசிகள் அதில் தொட்டால்தான் சார்ஜ் ஏறும். வேர்வை, தூசி, காதுக் குறும்பி எல்லாம் சேர்ந்து அங்கே ஒரு படலம் கட்டிவிடும். அப்புறம் என்ன ஆகும்? சார்ஜ் ஏறாது என்பது மட்டுமில்லை, தான் கேஸுக்குள் வந்துவிட்டோம் என்பதே அந்தப் பட்ஸுக்குத் தெரியாது. பெட்டிக்குள் படுத்துக்கொண்டே போனோடு ராத்திரி முழுக்கத் தொடர்பில் இருக்கும். காலையில் எடுத்து மாட்டினால் செத்துக் கிடக்கும். காய்ந்த பிரஷ்ஷால் நாலு தேய், அப்புறம் ஒரு சொட்டு ஐபிஏ (சுத்தம் பண்ணுகிற ஆல்கஹால்) நனைத்த பஞ்சு, அவ்வளவுதான். சத்தம் சின்னதாகக் கேட்கிறது என்று வருவதில் பாதி, பட்ஸில் ஒலி வெளியே வருகிற வலையில் குறும்பி அடைத்திருப்பது. தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிற அக்கா ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, "இதுக்கா தம்பி நான் புதுசு வாங்கலாம்னு ரெண்டாயிரம் எடுத்துட்டு வந்தேன்?" என்றார். பிரஷ் போட்டதற்குக் காசு வாங்கவில்லை. ஒரு பேக் கவர் வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த புகார், பாட்டு விட்டு விட்டு வருகிறது என்பது. இதில்தான் எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இருக்கிறது: போன் எந்தப் பாக்கெட்டில் இருக்கு?

போலீஸ் செலக்ஷனுக்காகத் தினமும் விடியக்காலையில் மைதானத்தில் ஓடுகிற தம்பி ஒருவன் வந்தான். வீட்டில் கேட்டால் அருமையாகப் பாடுகிறது, மைதானத்துக்குப் போனால் வெட்டி வெட்டி வருகிறது. "வெளியில சிக்னல் நல்லாத்தானே கிடைக்கணும்? சுவரு கூட இல்லையே அண்ணாச்சி" என்று அவன் கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் சங்கதி தலைகீழ். ப்ளூடூத் ஓடுவது 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். தண்ணீர் அந்த அலையை நன்றாகவே உறிஞ்சும். மனுஷ உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். போன் வலது பின்பாக்கெட்டில், போனோடு பேசுகிற பட்ஸ் இடது காதில் என்றால், நடுவில் முழு ஆளும் நிற்கிறான். வீட்டுக்குள் இது தெரியாது. உடம்பைத் தாண்ட முடியாத அலை சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பிச் சுற்றிக்கொண்டு காதுக்கு வந்துவிடும். மைதானத்தில் பட்டுத் திரும்ப எதுவும் இல்லை. போன அலை போனதுதான்.

இயர்பட்ஸில் இன்னொரு தொல்லையும் உண்டு. பழைய முறையில் போன் ஒரே ஒரு பட்ஸோடுதான் பேசும். இன்னொன்று அதனிடமிருந்து வாங்கிக்கொள்ளும், இல்லையென்றால் ஒட்டுக்கேட்கும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது தலை. அதுவும் தண்ணீர்தான். இரண்டு காதுக்கும் தனித்தனியாக அனுப்புகிற முறை 2020-இல் வந்த 5.2 பதிப்பில்தான் ப்ளூடூத் விதிகளுக்குள்ளேயே வந்தது. தம்பியிடம் கையில் கட்டுகிற பவுச் ஒன்று கொடுத்து, எந்தக் காதில் வெட்டாமல் வருகிறதோ அந்தப் பக்கக் கையிலேயே கட்டச் சொன்னேன். அதற்கப்புறம் அவன் புகாரோடு வரவில்லை. ரீசார்ஜுக்கு மட்டும் வருகிறான்.

இவ்வளவு நோஞ்சானாக ஏன் செய்தார்கள் என்று கேட்கலாம். வேண்டுமென்றேதான். ஸ்வீடனில் லுண்ட் என்கிற ஊரில் எரிக்சன் கம்பெனி இதை உருவாக்கியபோது அவர்களுக்கு வேண்டியிருந்தது ஒரு வயருக்கு மாற்று, அவ்வளவுதான். போனுக்கும் ஹெட்செட்டுக்கும் நடுவில் தொங்குகிற அந்த ஒரு முழ வயர். யாப் ஹார்ட்சன் என்கிற டச்சு இன்ஜினியர் 1994-இல் அந்த வேலையில் இறங்கினார். 1998-இல் எரிக்சன், நோக்கியா, ஐபிஎம், இன்டெல், தோஷிபா ஐந்தும் சேர்ந்து ஒரு பொது அமைப்பாக ஆக்கின. ஒரு முழ வயருக்கு மாற்று என்றால் பேட்டரியைக் குடிக்கக் கூடாது, விலையும் கூடக் கூடாது. அதனால் ஹெட்செட்டுகளுக்கென்று பரவலாக வந்தது 2.5 மில்லிவாட், பத்து மீட்டர் தூரம் என்ற ரகம். மில்லிவாட் என்றால் ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதை வைத்துக்கொண்டு ஒரு ஆளின் உடம்பைத் துளைத்துப் போ என்றால் அது எங்கே போகும்?

இந்த 2.4 என்பது ஒரு பொதுப் புறம்போக்கு. யாருடைய லைசென்ஸும் வேண்டாம் என்பதால் எல்லாரும் அங்கேதான் குடியிருக்கிறார்கள். வைஃபை அங்கே. மைக்ரோவேவ் அடுப்பும் அங்கே. எங்கள் கடைக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரி இருக்கிறது. அவர்கள் பப்ஸ் சூடு பண்ணும்போதெல்லாம் என் கடையில் பாடுகிற ப்ளூடூத் ஸ்பீக்கர் திக்கும். அடுப்பிலிருந்து கசிவது ஆளுக்கு ஆபத்தில்லாத அளவுதான். ஆனால் இந்தப் பக்கம் இருப்பது சில மில்லிவாட் அல்லவா, அதற்கு அதுவே ஜாஸ்தி. ஸ்பீக்கரை எதிர்ச் சுவருக்கு மாற்றி, போனை அதன் பக்கத்திலேயே வைத்தபிறகு சரியாகிவிட்டது.

ஒரு கண்டக்டர் அண்ணன் கேட்ட கேள்வி இது: "பஸ்சுல இருபது முப்பது பேரு மாட்டிருக்கான். ஒருத்தன் பாட்டு இன்னொருத்தன் காதுக்குப் போவலையே, எப்படிப்பா?" டிக்கெட் கிழித்துக்கொண்டே யோசித்திருக்கிறார். அந்த அலைவரிசைத் துண்டை 79 வாய்க்கால்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரு போனும் அதன் ஹெட்செட்டும் ஒரே வாய்க்காலில் நிற்பதில்லை. ஒரு வினாடிக்கு 1600 தடவை வரை இடம் மாறும். எந்த வரிசையில் மாறுவது என்பதைத் தலைமையேற்கிற கருவியின் அடையாள எண்ணும் அதன் கடிகாரமும் முடிவு செய்யும், ஆகவே ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு வரிசை. எப்போதாவது இரண்டு ஜோடி ஒரே வாய்க்காலில் இடித்துக்கொண்டாலும் இழப்பு ஒரு வினாடியில் மிகச் சின்னப் பங்குதான். திருப்பி அனுப்பிச் சமாளித்துவிடும், காதுக்குத் தெரியாது. தப்பித்தவறி இன்னொருத்தருக்குக் கிடைத்தாலும் அது பூட்டிய பொட்டலம். சாவி ஜோடி சேர்ந்த இரண்டு பேரிடம்தான் உண்டு. 2003-இல் வந்த 1.2 பதிப்பிலிருந்து, வைஃபை கூட்டமாக இருக்கிற வாய்க்கால்களை அதுவே கண்டுபிடித்து ஒதுக்கிவிட்டு மற்றவற்றில் குதிக்கவும் பழகிவிட்டது. இதையெல்லாம் கண்டக்டர் அண்ணனிடம் சொல்லி முடிப்பதற்குள் சாத்தூர் வண்டி ஹாரன் அடித்துவிட்டது. பாதியிலேயே ஓடினார்.

எங்கள் ஊரில் ப்ளூடூத் என்றால் ஹெட்செட் என்று ஆனதே பின்னால்தான். நான் வேலை பழகிய காலத்தில் ப்ளூடூத் என்றால் பாட்டு அனுப்புவது. நோக்கியா 6600 வைத்திருப்பவர் அன்றைக்கு ஊரில் பெரிய ஆள். இரண்டு போன்களையும் முகத்தோடு முகம் ஒட்டி வைத்துக்கொண்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். நாலு எம்பி பாட்டு ஒன்று போய்ச் சேர ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகும். அன்றைய வேகம் உச்சத்திலேயே வினாடிக்கு 723 கிலோபிட்தான். 2004-இல் கேபிர் என்று ஒரு வைரஸ் வந்தது. ப்ளூடூத் வழியாகவே போன் விட்டுப் போன் தாவியது. வாங்குகிறவர் சம்மதம் கொடுத்தால்தான் உள்ளே வரும், ஆனால் யார்தான் அன்றைக்குக் கேள்வியைப் படித்தார்கள்? ஆமாம், ஆமாம் என்று அழுத்திக்கொண்டே போவார்கள். அது பெரிதாக எதையும் அழிக்கவில்லை. ஓயாமல் அக்கம்பக்கத்துப் போன்களைத் தேடித் தேடிப் பேட்டரியைக் காலி பண்ணும். தேவையில்லாதபோது ப்ளூடூத்தை அணைத்து வைக்கிற பழக்கம் ஊரில் அப்போது வந்ததுதான். எங்கள் மாமா இன்றைக்கும் ஒவ்வொரு கால் முடிந்ததும் அணைக்கிறார். அடுத்த கால் வரும்போது ஏன் ஹெட்செட்டில் கேட்கவில்லை என்று எனக்குத்தான் போன் பண்ணுகிறார்.

"கனெக்டே ஆக மாட்டேங்குது" என்பது மூன்றாவது வகை. இதில் குற்றவாளி பெரும்பாலும் வீட்டிலேயே இருப்பார். ஒரு வாத்தியார் நெக் பேண்டைக் கொண்டுவந்தார். கடையில் போட்டால் டக்கென்று இணைகிறது. வீட்டுக்குப் போனால் மாட்டேன் என்கிறது. மறுபடி வந்தார். விசாரித்தால், அவர் பையன் ஒருநாள் கிரிக்கெட் பார்க்க அதை எடுத்து அவன் போனில் ஜோடி சேர்த்திருக்கிறான். ஹெட்செட் ஆன் ஆனதும் கடைசியாகப் பழகிய போனைத்தான் முதலில் தேடும். பையன் போன் அடுத்த அறையில் இருக்கிறது, அதுவும் கையை நீட்டிக்கொண்டு தயாராக. வாத்தியார் இங்கே தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். பையன் போனில் அந்தப் பெயரை நீக்க வேண்டும், வாத்தியார் போனிலும் நீக்க வேண்டும், ஹெட்செட்டின் பட்டனை விளக்கு வேகமாக மின்னும் வரை அழுத்திப் பிடித்து அதன் ஞாபகத்தையும் துடைக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அழித்தால் பிரயோஜனம் இல்லை. ஜோடி சேரும்போது இரண்டும் ஒரே ரகசிய எண்ணை எழுதி வைத்துக்கொள்கின்றன. ஒன்று மறந்து இன்னொன்று ஞாபகம் வைத்திருந்தால் சண்டைதான். பழைய ஹெட்செட்டுகளுக்கு 0000 என்று அடிக்கச் சொல்வோமே, அது 2007-இல் 2.1 பதிப்பு வந்தபிறகு மெல்ல மறைந்தது. இன்றைக்கும் காரில் பழைய செட் வைத்திருப்பவர்கள் வந்து கேட்பார்கள். 0000 இல்லையென்றால் 1234. பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று வேலை செய்துவிடும்.

இப்போது எல்லாவற்றிலும் முக்கியமானது. கொரோனா காலத்தில், 2020-21 ஆன்லைன் வகுப்புகளின்போது, எனக்கு வந்த புகார்களில் இதுதான் முதலிடம்: பாட்டு கேட்டால் தேன் மாதிரி இருக்கிறது, வகுப்பில் சேர்ந்ததும் தகர டப்பாவாகிவிடுகிறது. பிள்ளைகளுக்குக் கடன் வாங்கி ஹெட்செட் எடுத்துக் கொடுத்தவர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்றே நினைத்துக்கொண்டு வந்தார்கள். ஏமாற்று இல்லை. ப்ளூடூத் ஹெட்செட்டுக்கு இரண்டு முகம். பாட்டு கேட்கும்போது ஏ2டிபி என்கிற முறை. ஒரு வழி மட்டும். போனிலிருந்து காதுக்கு, ஸ்டீரியோவில், ஒலியைச் சுருக்குகிற சாதாரண எஸ்பிசி முறையிலேயே வினாடிக்கு முந்நூறு கிலோபிட் வரை. ஹெட்செட்டின் மைக் ஆன் ஆன நிமிஷம் எச்எஃப்பி என்கிற டெலிபோன் முறைக்கு மாறிவிடும். இதில் காதுக்கும் வர வேண்டும், வாயிலிருந்தும் போக வேண்டும், தாமதமும் கூடாது. ஆகவே இரண்டு காதுக்கும் ஒரே ஒலி, ஒரு பக்கத்துக்கு 64 கிலோபிட். பழைய வகையில் ஒலியை வினாடிக்கு 8000 தடவைதான் மாதிரி எடுக்கும். 2011-க்குப் பிறகு வந்த நல்ல வகையில் 16,000. சிடி தரம் 44,100 என்பதை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். லேப்டாப்பில்தான் இது ரொம்ப அப்பட்டமாகத் தெரியும்.

இதற்கு வழி சுலபம், சொல்லத்தான் ஆள் இல்லை. மீட்டிங் செட்டிங்கில் ஸ்பீக்கருக்கு ஹெட்செட்டைத் தேர்ந்தெடுங்கள், மைக்குக்கு லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுங்கள். ஹெட்செட் பாட்டு முறையிலேயே நிற்கும், டீச்சர் குரல் தெளிவாகிவிடும். இதை ஒரு அட்டையில் எழுதிக் கடை கண்ணாடியில் ஒட்டியிருந்தேன். பக்கத்துத் தெருவிலிருந்தெல்லாம் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். வியாபாரம் ஆகவில்லைதான்.

கச்சேரிக் குழுவில் கீபோர்டு வாசிக்கிற பையன் ஒருவன், ராத்திரி வீட்டில் பழக ஒயர் இல்லாத ஹெட்போன் வேண்டும் என்று கையில் மூவாயிரத்தோடு வந்தான். விற்கவில்லை. கட்டையை அழுத்திய பிறகு ஒலி காதுக்கு வர அந்த வகையில் கால் வினாடி வரைகூட ஆகும். படம் பார்க்கும்போது இது தெரிவதில்லை, ஏனென்றால் ஆப் படத்தையும் அதே அளவு தாமதப்படுத்தி உதட்டையும் குரலையும் ஒட்ட வைத்துவிடுகிறது. உங்கள் விரலை எந்த ஆப் தாமதப்படுத்தும்? தாளம் தப்பும். கேம் ஆடுகிற பையன்கள் துப்பாக்கிச் சத்தம் பின்னால் வருகிறது என்பதும் இதுவேதான். கேமிங் மோட் போட்டால் குறையும், போகாது. கீபோர்டு பையனுக்கு நானூறு ரூபாய்க்கு வயர் ஹெட்போன் கொடுத்தேன். முகம் தொங்கிப்போய்த்தான் வாங்கினான்.

அம்மாக்கள் கேட்பது வேறு. "காதுக்குள்ளயே வச்சிருக்கானே, மூளைக்கு ஆகாதாமே?" பழைய 2ஜி போன், டவர் எட்டாத இடத்தில், இரண்டு வாட் வரை உச்சத்தில் வீசும். அதை நாம் காதோடு ஒட்டி வைத்துப் பேசிய தலைமுறை. ஹெட்செட்டின் சில மில்லிவாட் அதன் பக்கத்தில் ஒன்றுமேயில்லை. நான் பயப்படுவது சத்தத்துக்குத்தான். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்று வரம்பு சொல்கிறது. பிள்ளைகளுக்கு 75. பஸ் சத்தத்தை மீறிக் கேட்க வேண்டுமென்று வால்யூமை ஏற்றுகிறார்களே, அது இந்த வரம்பையெல்லாம் எப்போதோ தாண்டிவிடும். காதை நன்றாக அடைக்கிற ரப்பர் முனை வாங்கிப் போட்டால் வால்யூமைக் குறைத்தே கேட்கலாம். முனை ஐம்பது ரூபாய்.

வாங்குவதைப் பற்றி ஒரே ஒரு விஷயம். பெட்டியில் 5.3, 5.4 என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்துப் பாட்டு நன்றாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். அது ரேடியோவின் பதிப்பு. பாட்டின் தரம் பெரும்பாலும் உள்ளே இருக்கிற ஸ்பீக்கரும், எந்த முறையில் ஒலியைச் சுருக்குகிறது என்பதும். அந்த முறை போனிலும் இருக்க வேண்டும். எல்டாக் என்கிற சுருக்கும் முறை இருக்கிறது என்று கூடுதல் காசு கொடுத்து வாங்கி ஐபோனில் மாட்டுகிறார்கள். ஐபோன் எல்டாக்கை ஏற்பதில்லை.

வயசானவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து, "அப்பாவுக்குக் காது மந்தம், நல்ல பட்ஸா ஒண்ணு குடுங்க" என்று கேட்பவர்கள் சமீபமாகக் கூடியிருக்கிறார்கள். அமெரிக்காவில் 2024 செப்டம்பரில் ஏர்பாட்ஸ் ப்ரோ 2-க்குக் காது கேட்கும் கருவியாகச் செயல்படும் மென்பொருளை அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதித்தது. அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அந்த அனுமதியே லேசான, நடுத்தரக் குறைபாடுள்ள பெரியவர்களுக்குத்தான். சாதாரணப் பட்ஸ் எதுவும் அந்த வேலைக்கு ஆகாது. எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி ஏற்றினால் மிச்சமிருக்கிற கேட்கும் திறனும் போய்விடும். முதலில் பெரியாஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டி, எந்த ஒலி எவ்வளவு கேட்கவில்லை என்று சோதனை எடுத்துவிட்டு வரச் சொல்லி அனுப்பிவிடுவேன். காது கேட்கும் கருவி வாங்குவதென்று முடிவானால், போனோடு நேரே பேசுகிற வகையா என்று மட்டும் கேட்கச் சொல்வேன். ஐபோனுக்கு அது முதலிலேயே வந்துவிட்டது, ஆண்ட்ராய்டுக்கு 2018-இல் ஒரு வழி வந்தது. இப்போது எல்இ ஆடியோ என்கிற புது ப்ளூடூத் ஒலி முறையில் அது எல்லாருக்கும் பொதுவான விதியாகிவிட்டது. பேரன் போன் பண்ணினால் நேராகக் காதுக்கே வரும். ஸ்பீக்கரில் போட்டுத் தெருவுக்கே கேட்க வைக்க வேண்டாம்.

அதே எல்இ ஆடியோவில் ஆராகாஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. ஒரு இடத்திலிருந்து ஒலிபரப்பினால், பக்கத்தில் இருக்கிற எத்தனை ஹெட்செட் வேண்டுமானாலும், காது கேட்கும் கருவிகளும் சேர்த்து, அதைப் பிடித்துக்கொள்ளலாம். ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்புக்கும் கோயில் பிரசங்கத்துக்கும் ரொம்பப் பொருத்தமான சமாச்சாரம். என் கடையில் இதுவரை யாரும் அதைக் கேட்டு வரவில்லை. வந்தால், பெட்டியில் எழுதியிருந்தால் மட்டும் போதாது, அவர் போனும் அதை ஏற்கிறதா என்று செட்டிங்கைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் பில் போடுவேன்.